அடைக்கு அனுப்பிய கோழி

என் கோழிகளுக்குச் சளி பிடித்தது எங்கள் ஊர் பாலையூற்றில் பாதிப் பேருக்குத் தெரியும். நானே சொல்லித் திரிந்தேன். முகம் வீங்கி, கண் மூடி, மூக்கால் நாற்றத்தோடு நீர் வடிந்தது. நெஞ்சுக்குள் கர்கர் என்று இழுத்தது. மிருக வைத்தியர் தந்த தூளைத் தண்ணீரில் கலந்து ஐந்து நாள் வைத்தேன். வேறு தண்ணீரில் வாய் வைக்கக் கூடாதென்று குழாயடிப் பள்ளத்தைக்கூட மண் போட்டு மூடினேன். பதினொன்றில் இரண்டு செத்தன, மற்றவையெல்லாம் தப்பின. டொக்டருக்குப் படித்தவள் மாதிரி ஒரு மாதம் தலைகால் தெரியாமல் ஆடினேன்.

அந்த ஆட்டத்தில்தான் தங்கை ஷிஃபானா கிண்ணியாவில் இருந்து போன் எடுத்தாள். அவளுக்கு வருமானம் என்று இருப்பதே முற்றத்துக் கோழிகளும் முட்டையும்தான். நல்ல சாதி முட்டை பதினைந்து கிடைத்திருக்கிறதாம், அவளுடைய கோழி ஒன்றும் அடை படுக்கவில்லையாம்.

"ராத்தா, உங்கட கூட்டுல அடைக்கோழி இருந்தா ஒண்டு தாங்களன். குஞ்சு பொரிச்சதும் கொண்டந்து விடுறன்."

தப்பியவற்றில் கொழுத்த கறுப்பியை அட்டைப் பெட்டியில் வைத்து, காற்றுக்கு ஓட்டை போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் பூச்சி மருந்து வாங்கப் போனபோது வைத்தியர் சொன்னார்:

"சுகப்பட்ட கோழிய ஒருத்தருக்கும் குடுத்திராதீங்க, ஹுஸ்னியா. பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள நோயக் காவிக்கொண்டு திரியும்."

முதல் தடவையும் இதைச் சொன்னவராம். நான் அப்போது மருந்தின் அளவை மட்டும்தான் காதில் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலம் கடக்கும்வரை சொல்லப்போவதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். தங்கையின் பிழைப்பில் மண் போட்டேன் என்பதை எப்படிச் சொன்னாலும் நல்லதாகக் கேட்காது.

ஷிஃபானாவின் முற்றத்தில் நான்கு கோழிகள் கண் வீங்கிக் குந்தியிருந்தன. ஆறு ஏற்கெனவே போய்விட்டன. கறுப்பி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் முட்டைகளின் மேல் படுத்திருந்தது. நான் வாய் திறக்க முன்னமே அவள் பொரிந்து தள்ளினாள்.

"எல்லாம் அந்த உம்மு குல்சும் மாமிட கோழிகளால வந்த வினை, ராத்தா. வேலி பாஞ்சு வந்து என்ட தீனியத்தான் தின்னும். முந்தநாள் மாமிய நல்லா ஏசிட்டன். ஒழுங்கைச் சனமே கூடி நிண்டு பாத்தது."

உம்மு குல்சும் மாமி பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி போக ஒரு வீடு கிடைத்துவிட்டது. மருந்துத் தூளைக் கொடுத்துவிட்டு, எப்படிக் கலக்குவதென்று சொல்லிவிட்டு, பகல் பஸ்ஸுக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சோறு போட்டாள். மேலே கோழிக்கறி ஊற்றினாள். நல்ல மணம். ஒரு துண்டை வாயில் வைத்த பிறகுதான் கேட்டேன்.

"செத்ததுகளத்தான் புதைச்சிட்டியே, இது எங்கால?"

"மாமி அனுப்பினவ. தன்ட கோழி மூண்டையும் காலைல அறுத்துட்டாவாம். கோழியால அடுத்த வீட்டோட பகை வேணாம் எண்டு கறியாக்கி எனக்கும் ஒரு கோப்பை தந்துவிட்டிருக்கா."

"அதுகளுக்கும் வருத்தமா இருந்திச்சா?"

"பாக்க நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா வேற எங்கால வந்திருக்கும்?"

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எப்படியோ விழுங்கினேன்.

"என்ட கோழியால வந்தது, புள்ள. கறுப்பியால. டொக்டர் நேத்துத்தான் சொன்னார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாக் கதைங்க, ராத்தா. மாமிக்குக் கேக்கும். அறுத்தது அறுத்ததுதானே, இனி ஏன் அதக் கதைப்பான்?"

அரை மணித்தியாலத்துக்கு முன் நானும் இதைத்தான் நினைத்தேன். அதனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கையைக் கழுவிவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

மாமி வெறுங் கோழிக்கூட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாங்க மகள். கறி உறைப்போ?"

நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அடைக்குக் கொடுத்ததில் இருந்து, சொல்லாமல் போகப் பார்த்தது வரைக்கும். அவர் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"அப்ப என்ட கோழிகளுக்கு ஒண்டும் இல்லத்தானே?"

"இல்ல மாமி."

"நான்தான் கவனிக்காம விட்டுட்டன் எண்டு நினைச்சன். நல்லாத்தானே இருந்திச்சுகள்?"

"நல்லாத்தான் இருந்திச்சுகள், மாமி."

இன்னுமொரு தடவை கேட்டார். இன்னுமொரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார்.