மூணேகால் செகண்டு

திரையில் அவளுடைய குரல் பதினொரு வரிசையாக அடுக்கிக் கிடந்தது. ஒவ்வொரு வரிசையும் ஒரு பச்சைக் கம்பளிப்பூச்சி மாதிரி, சொல் இருக்கும் இடத்தில் தடித்தும் மூச்சு இருக்கும் இடத்தில் மெலிந்தும் ஓடியது. ஒரே கவிதையைப் பதினொரு முறை சொல்லவைத்துப் பதிவு செய்திருந்தார் ஒயர். நாற்காலியைத் தள்ளி அவளுக்கு இடம் விட்டு, திரையின் நடுவில் விரலை வைத்தார்.

"இதப் பாருங்க மேடம். மத்த எடத்துல எல்லாம் நீங்க ஒரு தடவ நிறுத்துன மாதிரி இன்னொரு தடவ நிறுத்தல. மனுசங்கன்னா அப்படித்தான். இந்த ஒரு எடத்துல மட்டும் பதினொரு தடவையும் மூணேகால் செகண்டு. மயிரிழை மாறல. இங்க ஏதாவது ஒரு வரி இருந்துச்சா?"

இல்லை என்றாள். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டதாக அவளுக்கே தோன்றியது.

காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்ப்பது ஒயரின் தொழில். எப்போதும் கழுத்தில் ஒரு கம்பி தொங்கும், அதனால் அந்தப் பெயர். கடை மூடிய பிறகு காசு அகலத்தில் இருக்கும் சின்ன மைக்குகளைக் குழாயிலும் ஜன்னல் கம்பியிலும் ஒட்டி, அவை போடும் சத்தத்தைப் பிடித்து, இழுத்து, அறுத்து, தலைகீழாக ஓட்டி, அதை இசை என்பார். "கேக்காதவங்களுக்குக் காது வைக்கிறான், கேக்குறவங்க காதப் பிடுங்குறான்" என்று பக்கத்தில் சாவி வெட்டுகிறவர் போகிற வருகிறவர்களிடம் சொல்வார். ஒயர் அதையும் பதிவு செய்து வைத்திருந்தார்.

அவள் பல் மருத்துவமனை வரவேற்பில் இருப்பவள். நாள் முழுக்க எண்களைக் கூப்பிடும் வேலை. நூலக மாடியில் மாதம் ஒருமுறை கூடுபவர்கள் நடுவில் தாளில்லாமல் கவிதை சொல்லுவாள். அப்பாவின் கருவியைப் பழுதுக்குக் கொண்டுபோனபோது இரண்டு பேரும் பேசப் பழகி, இப்போது அவள் குரலும் அவர் சத்தங்களும் சேர்ந்து நூலக மாடியில் ஒரு நிகழ்ச்சி என்று தேதியே குறித்தாகிவிட்டது.

கவிதை ஒரு கதவைப் பற்றியது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அக்கா தனக்குப் பிடித்தவரோடு வீட்டை விட்டுப் போனாள். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து தட்டினாள். கதவு திறக்கவில்லை. வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போனவள் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. தங்கையோடு மட்டும் எந்தக் குறையும் இல்லை. வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்து சாப்பிடுவாள், தினமும் போன் பேசுவாள். அப்பா என்ற சொல் மட்டும் அந்தப் பேச்சில் வராது. முன்பு ஒருமுறை அக்கா வேறொருவர் மூலம் அப்பாவிடம் கேட்டனுப்பியபோது, தாழ் போட்டது நான்தான் என்று அவரும் சொல்லியனுப்பிவிட்டார்.

கவிதையின் நடுப்பகுதியை அவள் இப்படிச் சொல்லுவாள்:

பகல் இரண்டு மணி.
இரண்டு தட்டல்.
கதவு திறக்கவில்லை.

பிறகு அந்த மூணேகால் செகண்டு. பிறகு, 'தெரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது.'

முதலில் எழுதியபோது நடுவில் இன்னொரு வரி இருந்தது. எழுதிய அன்றே அடித்துவிட்டாள். நோட்டில் அடித்ததை வாய் அடிக்கவில்லை என்று ஒயர் கடையிலிருந்து பேருந்தில் வரும்போது புரிந்தது. காலியான வீட்டுக்கு வாடகை கட்டுவது போல அந்த வரிக்கான நேரத்தை வாய் ஒவ்வொரு முறையும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. உதட்டை அசைக்காமல் அந்த வரியைச் சொல்லி, மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். மூன்று, அதற்குக் கொஞ்சம் மேலே.

அடுத்த ஞாயிறு காலை ஒயர் அவள் வீட்டுக்கு வந்தார். தாழ்ப்பாளின் சத்தம் வேண்டுமாம். கதவில் இரண்டு மைக்குகளை ஒட்டிவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அப்பா உள்ளே நாற்காலியில் இருந்தபடி கருவியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி, பழுது நீங்கிய கருவி அவருக்கு இன்னும் சலிக்கவில்லை.

தாழை அவளே போட வேண்டும் என்றார் ஒயர், கவிதை சொல்கிறவர் கைதான் வேண்டுமென்று. ஒருமுறை போட்டாள். இன்னொருமுறை. மூன்றாவது முறை சட்டென்று தள்ளியதில் இரும்பு கணீரென்று அடித்தது. ஒயர் முகத்தைச் சுளித்தார்.

உள்ளேயிருந்து அப்பா பேசினார்.

"மெதுவாப் போடும்மா. அன்னைக்கு நீ மெதுவாத்தான் போட்ட."

அவள் கை தாழின் மேல் அப்படியே இருந்தது. அப்பா அன்று பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார் என்றும், நடந்தது அவருக்குத் தெரியாது என்றும், சரி, பழி யார் மேலாவது விழட்டும் என்று ஏற்றுக்கொண்டார் என்றும் பத்தொன்பது வருடமாக நினைத்திருந்தாள். அன்று பதினேழு வயதான அவள், எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுவிட்டுப் போன அக்காதான் தட்டுகிறாள் என்று தெரிந்தே, சத்தம் வராமல் ஒவ்வொரு அங்குலமாகத் தாழை நகர்த்தியதை, பின்னால் ஈரத் துண்டோடு நின்று அவர் பார்த்திருக்கிறார்.

"ஏன்ப்பா சொல்லல?" என்றாள். குரல் மிகவும் தணிந்திருந்தது. சரிசெய்த கருவிக்கு அது போதுமாக இருந்தது.

"ஒருத்தி போயிட்டா. இருக்குறது நீ ஒருத்திதான்."

ஒயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்குகளைப் பிரித்து, கம்பிகளைச் சுருட்டிப் பையில் போட்டார். வாசலில் நின்று, பேசியதெல்லாம் பதிவாகியிருக்கும், வீட்டுக்குப் போனதும் தாழ் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறேன் என்றார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"அந்த மூணேகால் செகண்டுல எதையாவது நிரப்பலாம்னுதான் இருந்தேன். இப்ப அங்க நான் ஒண்ணும் வைக்கல. அது முடிஞ்சதும் தாழ் சத்தம் வரும், ரொம்ப இழுத்து. அவ்வளவுதான்."

நிகழ்ச்சிக்கு இருபது பேர் போல வந்திருந்தார்கள். மாலை வெயில் ஜன்னல் வழியாகப் புத்தக அலமாரிகளின் முதுகில் விழுந்திருந்தது. தங்கை கவிதை சொல்கிறாள் என்று அக்கா வந்திருந்தாள். ஒயர் தம்பி என்ன செய்கிறார் என்று பார்க்க அப்பாவும் வந்துவிட்டார். ஒரே குடும்பம்தானே என்று நூலகர் இரண்டு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார். நடுவில் ஒரு நாற்காலி காலி. அக்கா அதில் தன் கைப்பையை வைத்தாள்.

விளக்கு எதையும் அணைக்கவில்லை. ஒயர் மேசைக்குப் பின்னால் குனிந்து ஒரு குமிழைத் திருப்பியதும், தண்ணீர்க் குழாயா காற்றா என்று சொல்ல முடியாத ஒன்று அறையின் மூலைகளிலிருந்து எழுந்தது. அவள் சொல்லத் தொடங்கினாள். குரல் எங்கே நின்றாலும் சத்தம் காத்திருந்து வந்து சேர்ந்துகொண்டது. கூட நடக்கத் தெரிந்த ஆள் போல.

"பகல் இரண்டு மணி. இரண்டு தட்டல். கதவு திறக்கவில்லை."

எல்லாச் சத்தமும் விலகிக்கொண்டது. மின்விசிறி மட்டும் சுற்றியது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைக்கவில்லை. அசைக்கவேண்டுமென்று அவள் ஒரு கணம் விரும்பினாள்.

"தாழின் மேல் இருந்த கை என்னுடையது" என்றாள்.

மூணேகால் செகண்டுக்குள் அது சரியாக அடங்கியது. அடுத்த வரி வாய்க்கு வரவில்லை.

அக்கா அவளைப் பார்க்கவில்லை, மெல்லத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கருவியின் சக்கரத்தை முன்னால் தள்ளினார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கை காதைப் பொத்தும் வரை. கருவி கீ என்று மெலிதாகக் கத்தியது. ஒலிபெருக்கியில் தாழ் நகரத் தொடங்கியிருந்தது, ஒவ்வொரு அங்குலமாக. இரண்டு சத்தமும் ஒன்றையொன்று தேடுவது போல அறைக்குள் அலைந்தன. ஒயர் குமிழ்களிலிருந்து விரல்களை எடுத்துவிட்டார்.

முன்வரிசையில் அக்கா காலி நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.