ஊர்ச் சுத்தியல்

நசோரோவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஊர்க் காட்டில் எந்தக் கருங்காலியை வெட்டலாம் என்று முத்திரை குத்தும் சுத்தியலை ஊர்க் காட்டுக் குழு சோமோயேயின் கையில் கொடுத்துவிட்டது. அண்ணன் பெண்டாட்டி! பத்து வருஷம் காவல் சுற்றியவன், சுத்தியலைக் கேட்டுக் காத்திருந்தவன் இவன். வெட்டுத் தடத்தைப் பார்த்தே யார் கோடரி என்று சொல்லிவிடுவான். அவளோ போன மழைக்குத்தான் காவலுக்கு வந்தவள்.

கிணற்றடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "என்ன கொழுந்தனாரே, மூஞ்சி சுண்டிக் கிடக்கு? களி வேகலையா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சிரிங்க மதினி. எத்தனை நாளைக்குன்னு பாத்துடலாம்."

அவள் காவல் எல்லையில் முத்திரை இல்லாமல் ஒரு மரம் விழுந்தால் போதும், சுத்தியல் கை மாறும். ஊர் போட்ட விதி அது. வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போன நேரம், நசோரோ கோடரியோடு அங்கே போனான். இன்னும் முப்பது வருஷம் நிற்க வேண்டிய இளமரம். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் சிரிப்புதான் காதில் கேட்டது. வெட்டிச் சாய்த்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவன் போலச் சாப்பிட்டான்.

மறுநாள் குழு முழுக்க அடிமரத்தைச் சுற்றி நின்றது. சோமோயே குனிந்து வெட்டின்மேல் விரலை ஓட்டினாள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரே இடத்தில் மரம் மெல்லிய வரப்பாக எழும்பி நின்றது. அப்போதுதான் கூட்டத்தில் நின்ற நசோரோவுக்கு உறைத்தது: போன வாரம் கல்லில் பட்டுத் தன் கோடரி வாயில் சில்லு பெயர்ந்து பல் விழுந்திருந்தது. பாழாய்ப்போன பொறாமை கண்ணை மறைத்துவிட்டது!

"யாருன்னு தெரியுதா?" என்றார் தலைவர் லிக்வாட்டா.

"என் எல்லையில விழுந்துச்சு. தப்பு என்மேலதான்," என்றாள். இடுப்பில் செருகியிருந்த சுத்தியலைக் கழற்றிக் கொடுத்தாள்.

"நசோரோ, நீயே வாங்கிக்கப்பா," என்றார் அவர்.

கைமாற்றும்போது அவன் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "கோடரியத் தீட்டிக்கங்க கொழுந்தனாரே. உங்க அண்ணன் முகத்துக்காகத்தான் வாயத் தொறக்கல."

ஊரே அவளைத்தான் சுற்றிக்கொண்டது. "இப்படி ஒத்துக்க யாருக்கு மனசு வரும்!" என்றார்கள். சுத்தியல் இவன் கையில், பேரெல்லாம் அவளுக்கு. ஐயோ, இப்போது முன்னைவிட எரிந்தது.

களவு மரத்தையும் ஊர்க் கணக்கில் சேர்க்க அடிமரத்தில் முத்திரை வைக்க வேண்டும். நசோரோவின் கை எழவில்லை.

"ஓங்கி அடிப்பா! ஆசப்பட்டுக் கேட்டவன் நீதானே?" என்றார் லிக்வாட்டா.

தன் கோடரியின் வரப்புக்குப் பக்கத்திலேயே அடித்தான்.