வந்தவர், வராதவர்

மரக்கடைக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் வருடத்துக்கு ஒரு கூட்டத்துக்கு வந்தாலே பெரிய விஷயம். செத்த பிறகு ஒன்றைக்கூட விட்டதில்லை. வருகைப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது.

ஊர் மன்றத்தில் உறுப்பினர்கள் எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் ஜெயித்த கையோடு பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். மரக்கடைக்காரர் மாரடைப்பில் போனபோது மன்றம் எழுந்து நின்று மௌனம் காத்தது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று தீர்மானம் போட்டது. ஈடுசெய்யவே முடியாது என்று சொல்லிவிட்ட பிறகு இடைத்தேர்தல் எதற்கு என்று தலைவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இடம் காலி என்று அவர் அறிவிக்கவே இல்லை.

"காலின்னு எழுதினா எலெக்‌ஷன் வரும், எவனாவது புதுசா வந்து கேள்வி கேப்பான்" என்றார் எழுத்தரிடம். "மனுஷன் பாட்டுக்கு இருந்துட்டுப் போறாரும்மா. வந்தார்னு போடு."

அவள் போட்டாள். போடாமல் என்ன செய்வாள்? பத்தொன்பது வருடமாகத் தினக்கூலி. மன்றத்தின் ஒவ்வொரு வார்த்தையும் அவள் கையெழுத்தில் இருந்தது. மன்றத்தின் எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. தலைவர் நினைத்தால் ஏற்றலாம். நினைப்பதாகப் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பியூன்கூட உறுப்பினர்களுக்கு டீ வைத்துவிட்டு, அவள் மேசையைத் தாண்டும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவான்.

அவள் எழுதியதை யாரும் படித்ததும் இல்லை. தலைவர் தொண்டையைச் செருமி, "தீர்மானங்கள் படித்ததாகக் கொள்ளப்பட்டது" என்பார். மருந்துக்கடைக்காரர் தலையாட்டுவார். சைக்கிள் கடைக்காரர், அவர் தலையாட்டியதைப் பார்த்துத் தலையாட்டுவார். கொட்டாவி என்று பட்டப்பெயர் வாங்கிய நான்காமவர் வாயைத் திறப்பார், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் தலைவர் கண்ணாடியைக்கூடப் போடாமல் கையெழுத்திடுவார். ஒரு முறை அவள் வேண்டுமென்றே 'நிலாவுக்குக் குடிநீர் இணைப்பு' என்று ஒரு வரி எழுதிப் பார்த்தாள். ஏகமனதாக நிறைவேறியது.

இறந்தவருக்கு வருகை போட ஆரம்பித்த நாலாவது கூட்டத்தில், எட்டாவது நாற்காலியில் கொஞ்சம் மரத்தூள் கிடந்தது. பியூன் துடைத்தான். அடுத்த கூட்டத்திலும் கிடந்தது. ஆறாவது கூட்டத்தில் பியூன் அந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு டீ கிளாஸை வைத்தான்.

"யாருக்குடா அது?" என்றாள்.

"தெரியலக்கா. கை தானா வச்சிடுச்சு."

கூட்டம் முடிந்தபோது கிளாஸ் காலி. அடியில் துளி மரத்தூள்.

ஏழாவது கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "ஆட்சேபணை இல்லை." அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, காதில் பலகைக்குக் குறி போடும் அதே சிவப்புப் பென்சில். மற்றவர்கள் யாரும் திடுக்கிடவில்லை. வந்ததாகவே ஆறு கூட்டம் தலையாட்டியவர்களுக்கு, வந்தது புதிதாகப் படவில்லை. கொட்டாவி மட்டும் வாயைத் திறந்தார். அது வழக்கமானதுதான்.

அவள் பயந்தாள். ஆனால் பயத்தை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் குப்பை வந்தது.

ஊர்க் குப்பையை எல்லாம் கடைசித் தெருவின் பின்பக்கத்தில் கொட்டலாம் என்று ஒரு புதுச் சட்டம். தலைவர் அதற்கு 'வள மீட்பு மையம்' என்று பெயர் வைத்திருந்தார். கடைசித் தெருவில்தான் எழுத்தரின் வீடு. அண்ணன், அண்ணி, அவள். வீட்டுக் கிணற்றுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான் இருந்தது. அண்ணன் தையல்காரர், அந்தத் தெரு தேர்ந்தெடுத்த உறுப்பினர். கூட்டத்துக்கு இருவரும் அவருடைய மொபெட்டில்தான் வருவார்கள், போவார்கள்.

புதுச் சட்டம் என்றால் மூன்று கூட்டங்களில் வைக்க வேண்டும். மூன்றிலும், வந்திருப்பவர் ஒருவர்கூட ஆட்சேபிக்கக் கூடாது. முதல் கூட்டத்தில் அண்ணன் எழுந்தார்.

"தலைவரே, மீட்கிறதுக்கு அதுல என்ன வளம் இருக்கு? நாறிப்போனதுக்கு நல்ல பேரு வச்சா மணக்குமா? எங்க கிணத்துல நீங்க ஒரு வாய் தண்ணி குடிங்க, அப்புறம் பேசலாம். எனக்கு ஆட்சேபணை இருக்கு."

தலைவர் புன்னகைத்தார். அன்று சாயங்காலம் எழுத்தரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்கண்ணன் இன்னைக்கு வரல."

"வந்தாரே, சார். உங்களைப் பார்த்துத்தானே பேசினாரு."

"வராதவர் ஆட்சேபணையும் வராது. மூணு கூட்டம் தொடர்ந்து வராட்டி, நான் நினைச்சா உறுப்பினர் பதவியும் போயிடும், அது சட்டம். நானா எழுதினேன் சட்டத்தை?" மேசையில் ஒரு காகிதத்தை நகர்த்தினார். நிரந்தரப் பணிக்கான பட்டியல். முதல் வரி காலியாக இருந்தது. "இதுல யார் பேரை எழுதறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

யாரும் படிக்காத பதிவேடுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அண்ணன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினாள். நிலாவுக்கே குழாய் போட்டவளுக்கு இது என்ன.

அன்று ராத்திரி அண்ணி இரண்டு தட்டு வைத்தாள்.

"எனக்கு?" என்றார் அண்ணன்.

அண்ணி திடுக்கிட்டாள். "ஐயோ, நீங்க வந்துட்டீங்களா? சத்தமே கேக்கலையே."

அண்ணன் சிரித்தார். மறுநாள் சிரிக்கவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் கடை வாசலில் நின்று, "ஆளைக் காணோமே" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவர் தையல் மெஷினை மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது கூட்டம். தலைவர் அவள் மேசைக்கு எதிரிலேயே நின்றார். எழுதினாள். அண்ணன் எழுந்து பேசினார், கத்தினார், மேசையைத் தட்டினார். யாரும் திரும்பவில்லை. சைக்கிள் கடைக்காரர் தன் குடையை அண்ணனுடைய நாற்காலியில் வைத்தார், அண்ணன் மடிமேலேயே. "ஆட்சேபணை இல்லை" என்றது எட்டாவது நாற்காலி. மரக்கடைக்காரர் முன்னைவிட நன்றாகத் தெரிந்தார், சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அண்ணனுடைய சட்டையின் வழியாக எழுத்தருக்கு நாற்காலியின் கம்பிகள் தெரிந்தன.

வீட்டுக்குப் போகும் வழியில் மொபெட்டை ஓட்டிக்கொண்டே அவர் கேட்டார். "கண்ணு, எனக்கு என்ன ஆச்சு? உங்க அண்ணி ராத்திரி என் பக்கம் கட்டில்ல துணி மடிச்சு அடுக்கறா. நீ ஒருத்திதான் என்னைப் பார்த்துப் பேசற."

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். புகையைப் பிடித்த மாதிரி இருந்தது.

மூன்றாவது முறை எழுதினால் பதவி மட்டுமா போகும்? அடுத்த கூட்டம் வரும்வரை அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. எழுதாமல் விட்டால் தலைவர் வேறு கையை வைத்து எழுதுவார். அந்த மன்றத்தில் வராமல் போக வேண்டியவர் ஒருவர் இருக்கத்தான் செய்தார். அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரும்கூட.

மூன்றாவது கூட்டத்தன்று அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தாள். பழைய இரண்டு பக்கங்களிலும் அண்ணன் பெயருக்கு நேரே இருந்ததை அடித்து 'வந்தார்' என்று திருத்தினாள். அதே இரண்டிலும் தலைவர் பெயருக்கு நேரே 'வரவில்லை'. கீழே அவர் கையெழுத்து கம்பீரமாக இருந்தது. வராதவரே, வரவில்லை என்பதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். புதுப் பக்கத்தில் மூன்றாவது 'வரவில்லை'யை எழுதும்போது எழுத்து முத்து முத்தாக விழுந்தது. அதுதான் பிறகு அவளைப் பயமுறுத்தியது.

மூன்று மணிக்குத் தலைவர் வந்தார், தொண்டையைச் செருமினார், "மாண்புமிகு" என்று ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தலைவர் வரலையா இன்னும்?"

"இங்கதான்யா இருக்கேன்" என்றார் தலைவர்.

"வரமாட்டார் போல" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

பியூன் ஐந்து டீ வைத்தான். தலைவர் இடத்தில் வைக்கவில்லை. தையல்காரர் முன்னால் வைத்து, "எடுத்துக்கங்கண்ணே, சூடு ஆறிடும்" என்றான். அண்ணன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தலைவர் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே போய் நின்று பேசினார். கடைசியாக எழுத்தரிடம் வந்தார். அவர் வாய் அசைந்தது. பத்தொன்பது வருடமாக அவர் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் எழுதியவளுக்கு அன்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. மெல்ல மெல்ல அவர் வழியாகச் சுவர் தெரிந்தது, பிறகு சுவர் மட்டும் தெரிந்தது. மேசையில் அவருடைய மூக்குக்கண்ணாடி கிடந்தது.

"தலைவர் இல்லாட்டி வயசுல மூத்தவர் நடத்தலாம். சட்டம் இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

எட்டாவது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மரக்கடைக்காரர் எழுந்து, தரையில் மரத்தூள் உதிர நடந்துபோய்த் தலைவர் இடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தீர்மானங்கள் படித்ததாகக் கொள்ளப்..." என்று ஆரம்பித்தார் சைக்கிள் கடைக்காரர், பழக்க தோஷத்தில்.

"நான் படிக்கிறேன்" என்றார் மரக்கடைக்காரர்.

படித்தார். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. மன்ற வரலாற்றில் ஒரு தீர்மானம் முழுதாகப் படிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை, அதற்கு ஒரு பிணம் வர வேண்டியிருந்தது. குப்பைச் சட்டம் வந்ததும் அண்ணன் எழுந்தார். "ஆட்சேபணை இருக்கு." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சட்டம் விழுந்தது. கொட்டாவி வாயை மூடினார்.

கூட்டம் கலைந்தது. அண்ணன் வாசலில் மருந்துக்கடைக்காரரோடு சத்தமாகப் பேசிச் சிரிப்பது கேட்டது. எழுத்தருக்கும் சிரிப்பு வந்தது. பதிவேட்டைக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

மரக்கடைக்காரர் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்தைப் பின்னால் திருப்பினார். தனக்குப் போட்ட 'வந்தார்'களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருத்தங்களின்மேல் விரல் நின்றது.

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"நான்தாங்க."

"எட்டு பேருதான் இருக்கு. உன் பேரு எங்கேம்மா?"

"நான் எழுத்தர்ங்க. என் பேரை எழுத மாட்டாங்க."

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. பலகையில் ஒரு அங்குலம் குறைவதைக் கண்டுபிடித்தவரின் முகம். "பட்டியல்ல நீ இல்லாமலே என்னை வர வச்சே. நான் எந்தக் கணக்கையும் தப்பா விட்டதில்லம்மா" என்றார். காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். பக்கத்தின் ஓரத்தில் 'எழுத்தர் — வரவில்லை' என்று எழுதினார். போன பக்கத்தில். அதற்கு முந்திய பக்கத்தில். கீழே கையெழுத்திட்டார்.

"ஐயா, இதை மாத்திடுங்க."

"தலைவர் எழுதினதை மன்றம்தான் மாத்தணும். அடுத்த கூட்டத்துல வை" என்றார். பிறகு அவர் உட்கார்ந்த இடத்தில் மரத்தூள் மட்டும் இருந்தது.

பியூன் வந்து அவள் நாற்காலியைத் தூக்கி மற்றவற்றின்மேல் அடுக்கினான். அவள் எழுந்ததால் தப்பித்தாள்.

வாசலில் அண்ணன் மொபெட்டின் அருகே நின்றார். "எங்க தங்கச்சி எங்கடா?"

"அக்கா இன்னைக்கு வரலையேண்ணே" என்றான் பியூன்.

"நான்தானேடா கூட்டிட்டு வந்தேன்..." என்று ஆரம்பித்தவர் நெற்றியைத் தடவினார். அவள் அவருக்கு நேரே நின்று, அண்ணா, அண்ணா என்றாள். அவர் அவள் வழியாக மன்றத்தின் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு இருபத்தெட்டு நாள். தீர்மானத்தை எழுத அவளிடம் பேனா இருந்தது. கொண்டுபோய் வைக்க ஒரு உறுப்பினர் வேண்டும். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அண்ணன் மொபெட்டைக் கிளப்பினார். ஏதோ தோன்றி நிறுத்தினார். இறங்கிக் குனிந்து பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தார்.

"காத்து இறங்கிடுச்சு போல" என்றார். "யாரோ உக்காந்த மாதிரி இருக்கு."