பச்சை ஒன்றும் செய்யாது

காதுக்கும் தோளுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, ஆறிய பிஸ்கெட் ஒன்றை இரண்டாக உடைத்துப் பார்த்தாள். உள்ளே பாசி பிடித்த தொட்டித் தண்ணீரின் நிறம். இன்றைக்குச் சுட்டதும் அப்படித்தான், நேற்றுச் சுட்டதும் அப்படித்தான். எதிர்முனையில் ஒரு பெண் அதே நிறத்தைத்தான் விவரித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டதைச் சொல்லும் குரலில்.

"பயப்படாதீங்கம்மா. அது பூஞ்சை இல்லை. சூரியகாந்தி விதையில இருக்கிற ஒரு சத்து, சமையல் சோடாவோட சேர்ந்து ஆறும்போது பச்சையாயிடும். பச்சை ஒண்ணும் செய்யாது. தைரியமாச் சாப்பிடலாம்."

வைத்தாள். உடைத்த பிஸ்கெட்டின் பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். எண்ணெய்ச் சிக்கு வாடை இல்லை, கசப்பு இல்லை. விதை நன்றாகத்தான் இருந்தது. விதையில் ஈரம் பார்ப்பது, சொத்தை பார்ப்பது, வறுத்த பதம் பார்ப்பது, இதற்குத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். கடலை ஆகாத, முந்திரி ஆகாத குழந்தைகளுக்காக, சூரியகாந்தி விதையை அரைத்துச் செய்கிற பிஸ்கெட். நல்ல காரியம்தான் என்று நினைத்து வந்தாள். வந்த பிறகு அந்தத் தொலைபேசியும் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. பச்சையைப் பற்றி விளக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானாம்.

பாக்கெட்டின் பின்பக்கம் ஒரே ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று மேனேஜரிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"எங்க பிஸ்கெட் உள்ள பச்சையா இருக்கும்னு நாமளே போட்டா எவன் வாங்குவான்?"

"வாங்கினவங்க எல்லாரும் எனக்குப் போன் பண்றாங்களே சார்."

"அதுக்குத்தானே நீ இருக்கே."

மாவில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் பச்சை குறையும் என்றும் சொன்னாள். பிஸ்கெட் புளித்தால் அதற்கும் போன் வரும் என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? இருந்தாள். நாள் முழுக்க அதே ஐந்து வாக்கியம். முதலில் ஒவ்வொருவரும் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு பாதியில் புரிந்தது. பிறகு 'ப' என்று தொடங்கும்போதே புரிந்துவிட்டது. பாக்கிங் பகுதியில் அவளுக்குப் பச்சைக்கிளி என்று பெயர் வைத்திருந்தார்கள். சொன்னதையே சொல்லும், சீட்டு மட்டும் எடுக்காது.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டதை அவள் கவனிக்காமல் இல்லை. தங்கை போனில் "அக்கா, எனக்கு ரெண்டு நாளா..." என்று ஆரம்பித்தால், "தண்ணி நிறையக் குடி" என்று முடித்துவிடுகிறாள். கணவன் ஒருநாள், கோபமாகக்கூட இல்லை, சும்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ கேக்கறதே இல்ல. பதில் மட்டும் சொல்றே." சுருக்கென்றது. ஆனால் ஒரு மனுஷியின் காதில் எவ்வளவுதான் கொள்ளும்? நிரம்பிய பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் வழியத்தானே செய்யும் என்று தனக்குள் வாதாடினாள். வாதத்தில் ஜெயித்தாள். ஜெயித்தது பிடிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது மறுபடி மணி அடித்தது. ஓர் ஆண். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"வணக்கங்க. என் பொண்ணுக்கு உங்க பிஸ்கெட் ஒண்ணுதாங்க ஒத்துக்குது. இப்ப இந்தப் பாக்கெட் பிரிக்கறதுக்கு முன்னாடியே... இல்ல, பச்சையா இருக்கு, அதான் என் வீட்டுக்காரி..."

"பயப்படாதீங்க சார். அது பூஞ்சை இல்லை." கிளி தானாகவே பேசியது. அவள் கண் டப்பாவில் இருந்தது, சாதம் விறைத்துப் போயிருந்தது. "...பச்சை ஒண்ணும் செய்யாது. தைரியமாச் சாப்பிடலாம்."

"ஓ. அப்படிங்களா. ரொம்ப நன்றிங்க. நீங்களே சொன்ன பிறகு என்ன?" அவர் குரலில் அத்தனை நிம்மதி. யாரிடமோ பந்தயத்தில் ஜெயித்தவர்போல வைத்தார்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். சீல் போடும் மெஷினில் நிற்கும் அக்கா உள்ளே வந்து ஒரு பாக்கெட்டை மேசைமேல் போட்டாள். கடைக்காரர் ஒருவர் திருப்பி அனுப்பியது.

"இதப் பாருடி கிளி. ஓரம் ஒட்டவே இல்ல. அந்த மெஷின்ல ஒரு பக்கம் சூடே ஏறலன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். 'ஓட்டு, ஓட்டு'ன்னாரு உங்க சார். இப்ப பாரு."

பாக்கெட்டின் ஒரு மூலை வாய் பிளந்திருந்தது. விரல் நுழையும். பிரித்தாள். மழையில் நனைந்த கோணிச் சாக்கின் வாடை. பிஸ்கெட்டின் மேல் பச்சை, திட்டுத் திட்டாக, ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு. அவளுடைய பச்சை உள்ளே இருக்கும், ஒரே சீராக இருக்கும். இது மேலே உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விதையில் பூஞ்சை பிடித்தால் அது நஞ்சாகலாம், சுரண்டி எறிந்துவிட்டும் தின்னக் கூடாது. இது அவளுக்குத் தெரியும். இதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பிரிக்கறதுக்கு முன்னாடியே... என்ன? பிரிக்கறதுக்கு முன்னாடியே பிரிந்திருந்தது என்று சொல்ல வந்தாரா?

சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக வந்த எண்ணைத் தொலைபேசியின் சின்னத் திரையில் தேடினாள். அதற்குள் மேனேஜர் வாசலில் நின்றார். அக்காவின் குரல் எட்டியிருக்கும்.

"யாருக்கு?"

"இப்பப் பேசின ஆளுக்கு. சாப்பிடலாம்னு சொல்லிட்டேன் சார்."

"ஒரு பாக்கெட் ஒட்டலன்னா எல்லாமே ஒட்டலன்னு ஆயிடுமா? நாமளே கூப்பிட்டு, நம்ம சரக்கு கெட்டுப்போச்சுன்னு சொல்லப் போறியா? சும்மா இரு. அந்த ஆளுதான் வச்சிட்டார்ல."

"நான்தானே சார் வைக்க வச்சேன்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். மெஷின், சம்பளம், நாலு குடும்பம். இந்த முறை மட்டும் அவர் சொல்லி முடிக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எரிச்சலில் அழுகை வரும்போல இருந்தது. போன் எடுப்பதற்கு இவ்வளவு நேரமா? என்னைக் கூப்பிடும்போது மட்டும் எல்லாருக்கும் அவசரம்.

எடுத்தது ஒரு பெண்.

"பிஸ்கெட் கம்பெனியிலிருந்து பேசறேன்மா. இப்பக் கொஞ்சம் முன்னாடி உங்க வீட்டுக்காரர்..."

"ஆமா, பேசினார். பேசிட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தார். நான் கெட்டுப்போச்சுன்னு குப்பையில போடப் போனேங்க. கம்பெனிக்காரி ஒருத்தி சொன்னாளாம், பச்சை ஒண்ணும் செய்யாதுன்னு. படிச்சவங்க சொல்றாங்க, உனக்கென்ன தெரியும்னு வேற கேக்கறார்."

"அந்தக் கம்பெனிக்காரி நான்தாங்க."

அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"பாக்கெட் மூலை திறந்திருந்ததா? நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடியே?"

"அதைத்தானே அவர் உங்ககிட்டச் சொல்லப் போனார்! ஏன், சொல்லலியா?"

சொன்னார் என்பதா, சொல்லவில்லை என்பதா? இரண்டுமே உண்மை. அதை யோசித்துக்கொண்டிருக்க இது நேரமில்லை.

"அந்தப் பாக்கெட்டைச் சாப்பிட வேண்டாம்மா. தப்பு எங்க மேல. பச்சை மேலே திட்டாவா இருக்கு, உள்ளே இருக்கான்னு..."

"அது எங்க இங்க இருக்கு? பொண்ணு பாக்கெட்டோட எடுத்துட்டு மாடிக்குப் போயிட்டா. அவருதான் கையில குடுத்தார்." பிறகு குரல் ரிசீவரை விட்டுத் திரும்பியது. "என்னங்க! என்னங்க! குட்டியக் கூப்பிடுங்க! அது சாப்பிடக் கூடாதாம்!"

தள்ளி எங்கேயோ அந்த மனிதரின் குரல், தயக்கமே இல்லாமல். "நான்தான் கேட்டனேடி. விதையில ஒரு சத்து இருக்காம். சோடாவோட சேர்ந்து ஆறும்போது..."

"அந்தப் பொம்பளயே சொல்றா வேணாம்னு! போனை வந்து கேளுங்க!"

"முதல்ல ஒண்ணு சொல்லுவாங்க, அப்புறம் ஒண்ணு சொல்லுவாங்களா? இது வேற யாராவது இருக்கும்."

"நான்தான் சார்!" என்று அவள் கத்தினாள். "நானேதான்! வேண்டாம்!" வாசலில் மேனேஜர் கையைத் தொங்கவிட்டு நின்றார். அக்கா வெளியே மெஷினிடம் போய், யாரையும் கேட்காமல் சுவிட்சை அணைத்தாள். பாக்கிங் பகுதி அடங்கியது.

எதிர்முனையில் ரிசீவரை எதன்மீதோ வைத்துவிட்டிருந்தார்கள். செருப்புச் சத்தம் ஓடியது. "ஏ குட்டி! குட்டி!" என்று அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டே தொலைவாகப் போனாள். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. காதை இன்னும் அழுத்திக் கேட்டாள். மேலிருந்து சிறிய பாதங்கள் இறங்கி வரத் தொடங்கின, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. வாயில் ஏதாவது இருக்கிறதா என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.