தலைவருக்கு எலி சொன்ன சாட்சி

மண்ணூர்பேட்டை அடுக்ககச் சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்தி, தமக்கு வந்த நோயும் பதவிக்கேற்றதுதான் என்று கருதினார். ‘லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வருமாம்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் வியாதி. ரத்தம் சோதித்த பட்டையில் ஒரு கோடு விழ, ‘பாசிட்டிவ்’ என்று தாள் வந்துவிட்டது. உறுதியானால் ஸ்டீராய்டு மாத்திரை, அநேகமாக ஆயுசுக்கும். குழுவில் வீரம் காட்டியவருக்கு வீட்டில் தூக்கம் போயிற்று.

முடிவு கேட்க மனைவி கண்ணம்மாவோடு டாக்டர் பவ்யாவின் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் கோடு ரொம்ப மங்கல் சார். அதை நம்பி மருந்து ஆரம்பிக்க முடியாது. அதான் எலியோட கல்லீரல், சிறுநீரகம், இரைப்பை மூணையும் மெல்லிசா சீவி, அது மேல உங்க ரத்தத்தை விட்டுப் பார்க்கச் சொன்னேன். உங்க உடம்பையே தாக்குற ஆன்டிபாடி இருந்தா அதுல ஒட்டிக்கும். சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்புல பார்த்தா பச்சையா ஒளிரும்.”

“எலியா?” தலைவர் நிமிர்ந்தார். “மேடம், நாங்க பரம்பரை சைவம்.”

“உங்களை யாரும் திங்கச் சொல்லலை,” என்றாள் கண்ணம்மா. “வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க.”

“லேப் தாளே பாசிட்டிவ்னுது. எலி என்ன சொல்லிடப் போவுது?”

“ஒண்ணுமே ஒட்டலைன்னு சொல்லிடுச்சு சார். ஒரே இருட்டு. மத்த டெஸ்ட்டும் ஒத்துப்போவுது. நீங்க சாப்பிட்டுக்கிட்டிருந்த மூலிகைப் பொடியை நிறுத்தினதுமே கல்லீரல் என்சைம் அளவு பாதியா இறங்கியிருக்கு. பொடிதான் வேலையைக் காட்டியிருக்கு.”

அடுக்ககம் முழுக்க அந்தப் பொடியைச் சிபாரிசு செய்தவர் தலைவரேதான்.

“அப்போ மாத்திரை?”

“வேண்டாம். அடுத்த மாசம் ரத்தம் மட்டும் கொடுங்க.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி அல்ல என்று கண்ணம்மாவுக்குத் தெரியும். முந்தானையை நீட்டினாள்.

அடுக்கக வாசலில் வாட்ச்மேன் பாபு எலிப்பொறியோடு நின்றான். “தலைவரே, ஜெனரேட்டர் ரூம்ல ஒண்ணு மாட்டிகினு கீது. தண்ணில முக்கிடவா?”

“வேணாம்பா. காலி மனையில விட்டுடு.”

“இன்னா தலைவரே, எலியை ஒழிக்கணும்னு நீங்கதானே மீட்டிங் போட்டீங்க?”

“சாருக்கு நல்ல சேதி சொன்னவங்க பாபு, விட்டுடு,” என்றாள் கண்ணம்மா.

லிஃப்ட்டில் ஏறியதும் தலைவர் குழுவைத் திறந்தார். ‘தீவிர ஆய்வுக்குப் பின் அறிவிக்கப்படுவது: மூலிகைப் பொடியை அனைவரும் உடனே நிறுத்தவும். – தலைவர்.’

எலியின் பெயர் அதில் இல்லை.