பார்க்காத வீட்டின் வடக்கு மூலை

கரண்டியைக் காணவில்லை. அவள் மூன்று பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். அதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

பெட்டிகளைக் கட்டியது அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவனை வேறு ஊருக்கு மாற்றப்போவதாகச் சொல்லி ஒரு மழைக்காலமே போய்விட்டது. ஆர்டர்தான் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தது. வந்த அன்றே கிளம்ப வேண்டுமாம். அதனால் வீட்டையே கட்டிவைத்துவிட்டான். பெட்டிமேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. புது வீட்டில் எங்கே வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். ‘சமையலறை, ஜன்னலுக்குக் கீழே.’ ‘ஹால், வடக்கு மூலை.’ அந்த வீட்டை இருவருமே பார்த்ததில்லை.

“கரண்டி எங்கங்க?”

“‘ஜன்னலுக்குக் கீழே’ பெட்டியில பாரு.”

“ஜன்னலுக்குக் கீழ உங்க செருப்புதான் இருக்கு.”

அவன் சிரித்தான். அவள் தேநீரைக் கத்தியால் கலக்கினாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புது மெஷின் வந்திருந்தது. பயிற்சி ஒருவருக்குத்தான். “இருக்கியா, போறியா? நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லு. இல்லேன்னா அவளுக்குக் குடுத்துடுவேன்” என்று முந்தின நாள் டாக்டரம்மா சொல்லியிருந்தார். ‘அவள்’ என்றது ரேடியோவை. வாய் மூடாமல் பேசுவதால் கூடவே வேலை செய்பவளுக்கு அந்தப் பெயர். கணவனிடம் கேட்டதற்கு, “ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லேன்” என்றான். எத்தனையாவது இரண்டு நாள்?

“என்னடி இது, ஜூஸ் கடையா?” என்றாள் ரேடியோ, கூடத்தில்.

ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை மெல்லத் தலைகீழாகச் சாய்க்க வேண்டும்; ஏதோ யோசனையில் அவள் அதைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். நுரை கட்டிவிட்டது. ரத்தம் கொடுத்துவிட்டுப் போன பெரியவரைத் திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, இன்னொரு முறை ஊசி குத்த வேண்டியதாயிற்று.

“எனக்கு அந்த மெஷின் வேணும்டி. ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது” என்றாள் ரேடியோ. “ஆனா நீ வேணாம்னு சொன்னாத்தான் வாங்கிக்குவேன். வாயத் திறந்து எதையாவது சொல்லிட்டு வா.”

அவள் டாக்டரம்மா அறைக்குப் போனாள். என்ன சொல்லப்போகிறோம் என்று கதவைத் தள்ளும்போதுகூடத் தெரியவில்லை.

“இருக்கேன், டாக்டர்.”

“வீட்டுக்காரர்?”

“ஆர்டர் வந்தா அவர் போவார்.”

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே கேட்டான்.

“அப்ப ரெண்டு வீடா?”

“ஆர்டர் வந்தாத்தானே.”

“வரலேன்னா?”

“வரலேன்னா இதே வீடுதான். மெஷின் மட்டும்தான் புதுசு.”

அவன் எழுந்து வாசல்வரை போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

“சனிக்கிழமை ராத்திரி அங்கேருந்து இங்க வர பஸ் இருக்கான்னு பாத்தியா?”

கோபமா, சம்மதமா? அவன் முகத்தையே பார்த்தாள். அவனுக்கும் தெரியாது போலிருந்தது.