கன்னிமார் பால்

எங்கள் லயத்துக் கன்னிமார் ஊற்றில் தண்ணீர் வெள்ளையாக வந்ததை முதலில் பார்த்தவர் மாடசாமி கங்காணி. எதையும் முதலில் பார்ப்பவர் அவர்தான். பார்த்ததை ஊதிப் பெருக்குவதிலும் அவரை அடிக்க ஆள் கிடையாது. "ஆத்தா பால் சொரியிறா!" என்று கத்திக்கொண்டு தேயிலைச் சரிவில் இறங்கி ஓடி வந்தார். கொழுந்துக் கூடைகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் மேலே ஓடினோம்.

ஏழு கன்னிமார் கற்களுக்கு அடியில், பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்று அது. லயத்து வரிசை வீடுகள் அத்தனைக்கும் அதுதான் குடிதண்ணீர். அன்று அது அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்துக் கிடந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குப் பக்தி கொஞ்சம் குறைச்சல்தான். ஆனாலும் அந்த வெள்ளையைக் கண்டதும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

அது எழுபத்தெட்டாம் வருஷம். மலைக்குள் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி வந்து, எங்கள் தலைக்கு மேலே உச்சியில் துளை போட்டுக்கொண்டிருந்தது. பகல் முழுக்க மலை முனகும். அலமாரியில் தட்டுகள் கிடுகிடுக்கும். காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது, பாதம் மட்டும் பழகவே இல்லை. வெறுங்காலைத் தரையில் வைத்தால் போதும், உள்ளங்காலுக்குக் கீழே யாரோ முணுமுணுப்பது போலிருக்கும். என் புருஷன் சிங்காரம் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கூடாரத்திலேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவார்.

பக்கத்து வீடு என் அக்கா பவளத்தின் வீடு. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, அதே கன்னிமாருக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை கன்னியப்பன். பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் டின் பால் கொடுக்கச் சொன்னார். பிள்ளை அதைக் குடித்த வேகத்தில் கக்கியது. அப்படித் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு, வேண்டிக்கொண்ட கன்னிமாரின் ஊற்றிலேயே பால் வந்தால், அவளை யார் தடுக்க முடியும்?

"எங்கிட்ட இல்லாத பால ஆத்தாளே குடுத்துட்டா நவமணி," என்று சொல்லிப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினாள்.

"காய்ச்சியாவது குடுக்கா," என்றேன்.

"சாமி குடுத்த பால யாராச்சும் காய்ச்சுவாங்களாடி?"

அதில் ஒரு வார்னிஷ் வாடை இருந்தது. சாம்பிராணி என்றாள் அக்கா. லயத்து நாய்கள் வாயை வைத்துப் பார்த்துவிட்டு விலகிப் போயின. ஊற்றைச் சுற்றி எந்நேரமும் கத்தும் தவளைகள் ஒன்றையும் காணோம். பலருக்கு உடம்பு அரித்தது, வாய் புண்ணானது. தீட்டோடு குடித்தவர்களுக்குத்தான் அப்படி ஆகிறது என்றார் கங்காணி. எனக்கும் அரித்தது. என் தீட்டைப் பற்றி உமக்கென்ன தெரியும் என்று கேட்டேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

கன்னியப்பனின் வயிறு உப்பியது. அழுகைச் சத்தம் நாளுக்கு நாள் மெலிந்தது. அழுகை குறைந்ததற்கும் அக்கா ஆத்தாளுக்கு நன்றி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சிங்காரம் வந்தார். இரண்டு கையிலும் தோல் உரிந்திருந்தது. தாகத்துக்குச் சொம்பை எடுத்தவர், மோந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இத யாரு வீட்டுல வச்சது? நாங்க குழிக்குள்ள அடிக்கிற சேறுல்லா இது!"

மூட்டையில் வரும் வெள்ளை மண்ணையும் டிரம்மில் வரும் ஏதோ எண்ணெயையும் தண்ணீரில் கலந்து, மெஷின் வைத்துக் குழிக்குள் அழுத்தி இறக்குவார்களாம். பாதிதான் திரும்பி மேலே வருமாம். "மிச்சம் எங்க போவுதுன்னு மொதலாளி தவுக்கேகிட்ட கேட்டேன். மலை குடிக்குதுன்னு சிரிச்சான்," என்றார்.

சொம்பைக் கையில் பிடித்தபடியே அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். பிள்ளை அவள் மடியில் அசையாமல் கிடந்தது. பாலாடை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

வயிற்றுப்போக்கு என்று டிரெசர் சொன்னார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு, விஷயத்தை அத்தோடு முடிக்க அது போதுமானதாக இருந்தது.

புதைத்த மறுநாள் அக்காவுக்குப் பால் சுரந்தது. ரவிக்கை நனைந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். "ஆத்தா தன் பிள்ளைய எடுத்துக்கிட்டு, பவளத்துக்குப் பால திருப்பிக் குடுத்துட்டா," என்றார் கங்காணி. ஏழு கல்லோடு எட்டாவதாக ஒரு சின்னக் கல்லை நட்டார்கள். பெண்கள் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் அந்தக் கல்லுக்கு முன்னாலேயே வைத்து, சிங்காரம் சொன்னதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டேன். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா, என் கையால நாந்தான் ஊட்டுனேனா?"

என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்தாள். "சாமின்னே சொல்லுடி. நான் உசுரோட இருக்கணும்ல?"

"சாமிதாங்க்கா," என்றேன்.

பிறகு கம்பெனி லோரிகள் அடுத்த மலைக்குப் போய்விட்டன. எங்கள் ஊற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. சிங்காரம் வேலையை விட்டுவிட்டார். அக்கா தினமும் ஊற்றுக்குப் போய்ச் சின்னக் கல்லைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள். மத்தியான வேளைகளில் தொட்டில் துணியை ஆட்டிக்கொண்டிருப்பாள். உள்ளே ஆளிருப்பது போலவே துணி கனத்து ஆடும். நான் பார்க்காதது போலப் போய்விடுவேன்.

அப்போதுதான் அந்த அடுத்த மலையில் இருக்கும் மேல் டிவிஷனிலிருந்து இராசம்மா என்றொரு பெண் வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் சொம்பு.

"எங்க ஊத்துலயும் பால் வந்துருச்சுக்கா. ஆத்தா தொட்ட கை உங்க கை. மொத வாய் நீங்க ஊட்டி விடுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னால் அக்கா பிழைக்க மாட்டாள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பிழைக்காது.

அக்கா சொம்பை வாங்கினாள். பிள்ளை அதைப் பார்த்து வாயைத் திறந்தது. சொம்பைக் கவிழ்த்து மொத்தத்தையும் மண்ணில் கொட்டினாள்.

"சாமி இல்லம்மா இது, மெஷின் தண்ணி. இதக் குடுத்து எம்புள்ளைய நாந்தான் கொன்னேன். போய் உங்க லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லு, பவளம் கொன்னான்னு சொல்லு."

இராசம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டு சரிவில் ஓடினாள். அக்கா வாசலிலேயே உட்கார்ந்து, கன்னியப்பன் போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.